இரண்டாம் தண்ணிக்கு வரி இல்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் திருநின்றவூர் ஸ்டேஷன் ரோட்டுப் படிப்பகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். கட்சிக் கொடி வரைந்த சுவருக்குக் கீழே, ஒரு கை உடைந்த இரும்பு நாற்காலியில் கிளைச் செயலாளர் தசரதன். அவருக்கு எதிரே, ஜன்னல் வெளிச்சம் விழுகிற பெஞ்சின் நடுவில், தாலுகா ஆபீசில் பியூனாக இருந்து ஓய்வு பெற்ற இராமகிருஷ்ணன். பேப்பரை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பது அவர் பொறுப்பு. வாசற்படியில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் தெருவிலுமாக, எதிர்சாரியில் டீக்கடை வைத்திருந்த வடிவு. காலி கிளாஸ்களை எடுத்துப்போக வந்தவள், பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றாள். கதவை ஒட்டிப் போட்ட முக்காலியில் ஜோசப்ராஜ். அந்த முக்காலியை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கிருந்து எழுந்து போனால் வழிவிட யாரும் காலை மடக்க வேண்டியதில்லை.

யார் யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று மனசுக்குள் குறித்துக்கொள்வது ஜோசப்ராஜின் பழக்கம். பாடியில் அவர் வேலை பார்க்கிற தொழிற்சாலையின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பதினோரு வருஷம் கூட்டக் குறிப்பு எழுதியவர். இப்போது சங்கம் இல்லை. குறிப்பு மட்டும் நிற்கவில்லை. ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவர்கள், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் அவருடைய மனசில் வரிசையாகப் பதிவாகிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் யாரோடும் அவர் பேசியதில்லை என்பது வேறு விஷயம்.

இராமகிருஷ்ணன் சட்டசபைச் செய்தியைப் படித்தார். பட்ஜெட் விவாதத்தில் எதிர்க்கட்சி உறுப்பினரும் தசரதனுடைய தலைவருமான லோகநாதன் ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தார். "கார் டயருக்கு வரியைக் குறைத்திருக்கிறீர்கள், சைக்கிள் டயருக்குக் கூட்டியிருக்கிறீர்கள். குளிர்சாதனப் பெட்டிக்குச் சலுகை; டீத்தூளுக்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி. வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட மறுபடி கடன் வாங்குகிற அரசு, அந்த வட்டியை ஏழையின் அடுப்பங்கரையில் வந்து வசூலிக்கிறது" என்று அவர் சொன்ன இடத்தில் தசரதன் தொடையில் தட்டிக்கொண்டார். இராமகிருஷ்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தொடர்ந்தார்.

"'திருநின்றவூரிலிருந்து ஒரு தொழிலாளி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் அவரும் அவர் மனைவியும் இரண்டே பேர். இந்த பட்ஜெட்டால் மாதம் பதினெட்டு ரூபாய் நாற்பது காசு கூடுதல் செலவு என்று சாமான் சாமானாகக் கணக்கெடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தத் தாய் ஒரே டீத்தூளை இரண்டு முறை கொதிக்க வைக்கிறார். ஏன் என்று கேட்டால், இலைக்குத்தானே வரி போடுவாங்க, ரெண்டாம் தண்ணிக்கு வரி போட முடியாதே என்கிறார்.' அடைப்புக்குறியில சிரிப்புன்னு போட்டுகிறான்."

"இன்னொருதபா படி மாமே," என்றார் தசரதன்.

இராமகிருஷ்ணன் அந்த வரியை மறுபடி படித்தார். வடிவு கிளாஸ்களை இடுப்பில் அணைத்தபடி சிரித்தாள். ஜோசப்ராஜ் சிரிக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் இருந்த அந்தச் சிரிப்பை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்? ஒரு நூறு பேர்? ஆளுங்கட்சிக்காரர்களும் சிரித்திருப்பார்களா? செலின் எதைச் சொன்னாலும் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள், சிரிக்கிறாரா என்று. அவர் பெரும்பாலும் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பார்.

செய்தி அதோடு முடியவில்லை. மந்திரி எழுந்து, அப்படி ஒரு தம்பதி உறுப்பினரின் கற்பனையில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று சொல்லியிருந்தார். அதற்கு லோகநாதன், "அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அந்த வீட்டுக்குப் போகிறேன். பத்திரிகைக்காரர்களும் வரட்டும். அந்த அம்மா கையால் இரண்டாம் தண்ணி டீ குடித்துவிட்டு வந்து இந்தச் சபையில் சொல்கிறேன்" என்று பதில் கொடுத்திருந்தார்.

"அந்தத் தொய்லாளி ஆருன்னு தெரிமா?" என்று கேட்டுவிட்டு தசரதன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் தலிவரு ஆபீஸ்லர்ந்து ஆள் வந்து அட்ரஸ் குடுத்துட்டுப் போனான். படிச்சிப் பாத்தா எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சி. எட்டு மாசமா நம்மகூடவே ஒக்காந்துகினு, பேப்பர மட்டும் கேட்டுகினு, ஒரு வார்த்த பேசாம... இன்னா அண்ணாத்தே, நீதான?"

ஆறு கண்ணும் முக்காலியைப் பார்த்தன.

"நான்தான்," என்றார் ஜோசப்ராஜ்.

"அட, ஊமைக்கோட்டான் வேலயப் பாரு!" என்று வடிவு வியந்தாள். "ஊட்ல ரெண்டு தண்ணி காச்சத் தெரிஞ்ச பொம்பளய வச்சிகினு ஏன் அண்ணாத்தே என் கடைல வந்து கயினித்தண்ணி குடிக்கிறே?"

"அண்ணிதான் ஊருக்குப் போயிருக்காங்களே," என்று தசரதன் அவருக்காகப் பதில் சொன்னார். "ஊட்டுக்கார வரலட்சுமி சொல்லிச்சி. அவங்கம்மாவுக்கு ஒடம்புக்கு முடியல. இல்ல அண்ணாத்தே? ஒண்ணு பண்ணு. இன்னிக்கே லெட்டர் போடு. சனிக்கெய்ம ராத்திரிக்குள்ள வந்துறச் சொல்லு. டீ போட்டுக் குடுத்துட்டு மறுநா வேணா திரும்பிப் போவட்டும்."

ஜோசப்ராஜ் எழுந்தார். "எழுதிப் பாக்கறேன்," என்றார். யாரும் காலை மடக்க வேண்டியிருக்கவில்லை.

*

செலின் இறந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். குழந்தை கிடையாது. பாடியில் பதினாறு வருஷம் இருந்த வீட்டை, தன் மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டுக்காரர் கேட்டபோது ஜோசப்ராஜ் மறுப்புச் சொல்லவில்லை. வேறு வீடு சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்தார். கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி என்று ரயில் பாதையை ஒட்டியே ஞாயிறுதோறும் அலைந்தார். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. எத்தனை பேர்? ஒருவர்தான் என்றதும் முகம் மாறியது. நாற்பத்தெட்டு வயசு, நிரந்தர வேலை, மாதம் முதல் தேதியே வாடகை என்பதெல்லாம் அந்த 'ஒருவர்' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கவில்லை. பதினான்காவது வீடு திருநின்றவூரில், ஏரிக்குப் போகிற வழியில், வரலட்சுமியின் வீட்டுப் பின்கட்டு.

"தனி ஆம்பளைக்கி ஊடு உடறதில்ல அண்ணே. எனக்கு வயசுக்கு வந்த பொண்ணு கீது," என்று வரலட்சுமி எடுத்த எடுப்பிலேயே சொன்னாள். "சம்சாரம் கீறாங்கல்ல?"

"இருக்கா," என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவருக்கே தெரியாது. "அச்சிறுபாக்கத்துல, அவங்க அம்மா வீட்ல. அம்மாவுக்கு முடியல. பாத்துக்க ஆளில்ல."

அதற்கப்புறம் அந்தப் பொய்யை வளர்க்கிற வேலையை அவர் செய்யவே இல்லை, வரலட்சுமியே பார்த்துக்கொண்டாள். அத்தைக்கு இப்போ எப்படி இருக்கு, அக்கா என்ன கலரு, மல்லிப்பூ வைப்பாங்களா, எங்க கொயம்புல கத்திரிக்கா போட்டா சாப்பிடுவாங்களா என்று கேட்டுக் கேட்டு, செலினை அவளே பின்கட்டில் குடியமர்த்திவிட்டாள். ஞாயிறு முதல் பூசைக்கு ஜோசப்ராஜ் இன்னும் பாடியில் இருந்த பழைய மாதா கோயிலுக்கே ரயிலேறிப் போனார். இங்கே கோயிலுக்குப் போனால் செலினின் பெயரை இறந்தவர்களுக்கான ஜெபத்தில் சொல்லும்படி கேட்க வேண்டியிருக்கும்.

கடிதம் எழுதுவது சின்ன வயசிலிருந்தே அவருக்கு வந்த வேலை. அச்சிறுபாக்கம் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டபடி, இடது பக்கம் ஒரு அங்குலம் இடம் விட்டு, பத்திக்கு ஒரு விஷயம், அடியில் கார்பன் வைத்து எழுதுவார். நகலில் எண் போட்டுக் கோத்து வைப்பார். ரயில் தாமதம் பற்றி, தெருவிளக்கு பற்றி, ஏரிக்கரையில் குப்பை கொட்டுவது பற்றி. நாற்பது கடிதத்துக்கு வந்த பதில்கள் ஏழு. ஏழும் அச்சடித்த கார்டு. தங்கள் கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது.

நாற்பத்தொன்றாவது கடிதம் எழுதக் காரணம் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துப் பக்கம் நடந்த கூட்டம். பட்ஜெட் வந்த வாரம் அது. கொரட்டூரில் ரயில் கிடைக்காமல் பஸ்ஸுக்கு வந்தவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். லோகநாதன் குரலை உயர்த்தாமல், வீட்டில் உட்கார்ந்து பேசுகிறவர் மாதிரி பேசினார். "நான் சொல்றத நம்பாதீங்க. மந்திரி சொல்றதையும் நம்பாதீங்க. வீட்டுக்குப் போங்க. உங்க அடுப்பங்கரைக்குப் போங்க. ஒவ்வொரு டப்பாவா எடுத்து வச்சி, போன மாசம் என்ன வெல, இந்த மாசம் என்ன வெலன்னு கணக்குப் போடுங்க. போட்டு எனக்கு எழுதுங்க. நான் சட்டசபைல படிக்கிறேன்." கூட்டம் கைதட்டியது. கைதட்டியவர்கள் பஸ் பிடித்துப் போனார்கள். அவ்வளவு பேரில் வீட்டுக்குப் போய் டப்பாக்களை எடுத்து வரிசையாக வைத்தவர் ஜோசப்ராஜ் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மதியம் எழுத உட்கார்ந்தார். முதல் வரியில் பெயர், தொழில், முகவரி. அடுத்தது, குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை. பேனா தானாக 2 என்று எழுதியது. பதினாறு வருஷமாக எந்தப் படிவத்திலும் அந்த இடத்தில் அவர் எழுதியது அதைத்தான். எழுதிய பிறகு பார்த்தார். அடித்தால் கார்பனிலும் அடித்தது விழும், பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புதுத் தாள் கையருகிலேயே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டு என்று ஆன பிறகு இரண்டு பேருக்குத்தானே கணக்கு எழுத வேண்டும்? செலினுடைய தலைக்கு எத்தனை தேங்காய் எண்ணெய், அவள் துவைக்கிற சோப்பு எத்தனை நாள் வரும், அவள் தைக்கிற நூல்கண்டு என்ன விலை என்று ஒவ்வொன்றாக யோசித்து எழுதினார். டீத்தூளுக்கு வந்தபோது அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அதையும், 'என் மனைவி சொல்கிறாள்' என்று எழுதினார். அந்த மதியம் முழுக்க வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். வெயில் தாழ்ந்தபோது கடிதம் நாலு பக்கம் வந்திருந்தது. வெகு நாளுக்குப் பிறகு அன்றைக்கு அவருக்கு நன்றாகப் பசித்தது.

*

செவ்வாய்க்கிழமைக்குள் விஷயம் ஏரிக்கரை வரை போய்விட்டது. வரலட்சுமி முன்பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் விட்டாள். பின்கட்டுக்கு வந்து, "ரெண்டு சேர் எங்கூட்ல கீது, மிச்சத்துக்கு எதிர்வூட்ல சொல்லிகிறேன்" என்றாள். கையில் கண்ணாடி டம்ளர்கள் ஆறு, வைக்கோலில் சுற்றியது. "எம்மெல்லே எவர்சில்வர்ல குடிக்கமாட்டாரு அண்ணே. அக்காவ இதுல ஊத்தச் சொல்லுங்க. லெட்டர் போட்டீங்களா?"

"போடணும்மா."

"போடணுமா? இன்னா அண்ணே நீங்க! ஊருக்கெல்லாம் எய்துறீங்க, பொண்டாட்டிக்கு எய்த நேரமில்லயா?" அவள் ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருந்த இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "பாவம், நீங்களும் எட்டு மாசமா ஒண்டியா கீறீங்க. இந்தச் சாக்குலயாவது வரட்டும். வந்தா நான் திருப்பி உடமாட்டேன், பாத்துக்கோங்க."

அவள் போன பிறகு ஜோசப்ராஜ் ஆறு கண்ணாடி டம்ளர்களையும் கழுவி, அந்த எவர்சில்வர் டம்ளர்களுக்குப் பக்கத்தில் கவிழ்த்தார். எட்டு. இந்த வீட்டுக்கு வந்த பிறகு எட்டுப் பேருக்குப் பாத்திரம் எடுத்து வைத்தது இதுதான் முதல் தடவை. வரலட்சுமியிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், இந்த மாசக் கடைசியில் மறுபடி கொரட்டூரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்க வேண்டும். அது கூடப் பெரிதில்லை. செத்துப்போனாள் என்ற சொல்லை இந்த ஊரில் அவர் இன்னும் ஒருமுறை கூடச் சொன்னதில்லை. பாடியில் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் கூடவே இருந்து பார்த்தார்கள். இங்கே வாயைத் திறந்து, முதல் எழுத்திலிருந்து, அவரே சொல்ல வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கியபோது தசரதன் ஸ்டேஷன் வாசலிலேயே சைக்கிளோடு நின்றார்.

"இன்னா அண்ணாத்தே, பதில் வந்துச்சா?"

"அவ வர முடியாது தசரதன்."

"ஏன்? ஒரு நாளுதான?"

ஜோசப்ராஜ் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ரயிலிலிருந்து இறங்கியவர்கள் இருவரையும் இடித்துக்கொண்டு போனார்கள். "முடியாது," என்றார் மறுபடி.

தசரதன் சைக்கிள் பெல்லை விரலால் சும்மா தேய்த்தபடி யோசித்தார். கெட்ட மனுஷன் இல்லை அவர். இரண்டு காணி நிலத்தைப் பிளாட் போட்டு விற்ற பணத்தில் பாதியைக் கட்சிக்குச் செலவழித்தவர். பதவி எதுவும் கிடைக்காதவர். "இத்தப் பாரு அண்ணாத்தே. தலிவரு சபைல சவால் உட்டுட்டாரு. ஞாயித்துக்கெய்ம வந்து பாத்தா ஊட்ல பொம்பளயே இல்லன்னா, எய்தினதே டூப்புன்னு பூடும். உன் பதினெட்டு ரூபா நாப்பது காசும் பொய்யாப் பூடும். டீத்தூளுக்கு வரி போட்டதே பொய்ன்னுவான் மந்திரி. புரிதா?"

புரிந்தது. அவருக்கு இருந்த பயமும் அதுதான். சாமான் சாமானாக அவர் எழுதிய விலையில் ஒரு காசு கூடத் தப்பில்லை. மூன்று கடையில் விசாரித்து எழுதியது. ஒரே ஒரு எண்தான் தப்பு.

"வா, வடிவக்கா கடைல ஒக்காந்து பேசலாம்," என்று தசரதன் சைக்கிளைத் தள்ளினார். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு வழி தோன்றிவிட்டது. "வடிவக்கா, உனுக்கு நடிக்க வருமா?"

"உங்கட்சில இருபது வருசமா கீறேன், வராதா?" என்றாள் வடிவு.

தசரதன் விஷயத்தைச் சொன்னார். ஞாயிறு காலை ஒரு மணி நேரம். அண்ணாத்தே வீட்டில், நல்ல புடவை கட்டிக்கொண்டு, டீ போட்டுத் தர வேண்டும். பேப்பர்காரன் ஒரு போட்டோ எடுப்பான். தலைவர் கேட்டால் அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தலைவருக்கு விஷயம் தெரிய வேண்டிய அவசியமில்லை. வரலட்சுமி நம்ம கட்சிக் குடும்பம்தான், வாயைத் திறக்காது.

வடிவு விழுந்து விழுந்து சிரித்தாள். "எம்புருசன் பேப்பர்ல பாத்தான்னா?"

"அவன் எங்க பேப்பர் பாக்கறான், சாராயக்கடைய உட்டு வந்தாத்தான?"

"அதுவும் கரீட்டு. சிலுவச் செயின் ஒண்ணு போட்டுக்கணுமா அண்ணாத்தே? எங்கினா வாங்கிக் குடு." அவள் டீ வடிகட்டியை ஒரு கையில் உயரத் தூக்கி, இன்னொரு கையை இடுப்பில் வைத்து, பெஞ்சில் இருந்த ஆட்களைப் பார்த்துக் குரலை ஏற்றினாள். "இலைக்கு வரி போடுவே, துணிக்கு வரி போடுவே! ரெண்டாம் தண்ணிக்கு வரி போடுவியாடா நீ? போடுவியா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஒருவன் விசிலடித்தான். தசரதன் கைதட்டி, "இதான்! இதான் வேணும்! அடுத்த எலக்சன்ல உன்ன நிக்க வைக்கறோம்," என்றார்.

ஜோசப்ராஜ் கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு நின்றார். வடிவு மேல் அவருக்குக் கோபமில்லை. அவள் நன்றாகத்தான் சொன்னாள். செலினை விட நன்றாகச் சொன்னாள். செலின் அதை அடுப்பைப் பார்த்துக்கொண்டு, திரும்பாமல், தனக்கே சொல்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் திரும்பினாள். அவர் சிரிக்கிறாரா என்று பார்த்தாள். அன்றைக்கு அவர் சிரித்தார். அவரைத் தவிர அந்த வாக்கியத்துக்கு வேறு ஜனங்கள் யாரும் வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டோ பேப்பரில் வரும். கீழே பெயர் போடுவார்கள். திருமதி செலின் ஜோசப்ராஜ். அதில் வேறு முகம் இருக்கும்.

"வேணாம் வடிவம்மா," என்றார்.

"ஏன் அண்ணாத்தே? நல்லால்லயா?"

"நல்லாருக்கு. ஆனா வேணாம்." கிளாஸைப் பாதியோடு வைத்துவிட்டு இறங்கினார்.

"அண்ணாத்தே, கோச்சிக்காத! நாளைக்குப் பேசலாம்!" என்று தசரதன் பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது.

*

மறுநாள் விடிந்ததும் ஜோசப்ராஜ் அரை நாள் லீவு என்று முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை கடிதம் கைக்குக் கிடைக்க வேண்டுமானால் வியாழக்கிழமை காலை முதல் தபால் கட்டிலேயே போக வேண்டும். ஸ்டவ்வைப் பற்ற வைத்து டீக்குத் தண்ணீர் வைத்தார். குடித்துவிட்டுத் தூளை அப்படியே விட்டார். பாயை மடித்து ஓரமாக வைத்து, பெட்டியை மேசையாக்கி, இரண்டு தாளுக்கு நடுவில் கார்பனை வைத்து எழுதத் தொடங்கினார்.

பெருமதிப்பிற்குரிய ஐயா, பொருள்: என் முந்தைய கடிதத்தில் (எண் 41) உள்ள பிழையைத் திருத்துதல்.

மேற்படி கடிதத்தில் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை இரண்டு என்று குறித்திருந்தேன். அது ஒன்று என்று இருக்க வேண்டும். என் மனைவி செலின் இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டாள்.

அந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே வரலட்சுமி குழாயடியில் குடத்தைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் விளிம்பில் எட்டு டம்ளர்களும் இருந்த இடத்தில் இருந்தன. மறுபடி எடுத்தார்.

இரண்டாம் தண்ணீர் பற்றிச் சொன்னது அவள்தான். தாங்கள் சபையில் சொன்னது அவளுடைய சொந்த வார்த்தை. அதில் பிழை இல்லை. ஆனால் அதை அவள் இந்த பட்ஜெட்டுக்குச் சொல்லவில்லை. அதற்கு முன் ஒருமுறை டீத்தூளுக்கு வரி கூடியபோது சொன்னது. அப்போது ஆட்சியில் இருந்தது தங்கள் கட்சி என்பதையும் தெரிவிப்பது என் கடமை.

இதை எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். பத்திக்கு ஒரு விஷயம். இதுவும் ஒரு விஷயம்தான். அடிக்காமல் அப்படியே விட்டார்.

இனிக் கணக்கு. எண்ணிக்கை ஒன்று என்று வைத்து எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுப் பார்த்தார். பதினெட்டு நாற்பதில் பாதி, ஒன்பது இருபது வரும் என்று நினைத்திருந்தார். அப்படி வந்தால் தலைவரின் பேச்சு பாதியாகக் குறைந்துபோகும். மந்திரி அதைப் பிடித்துக்கொள்வார். தேங்காய் எண்ணெயைக் குறைத்தார். நூல்கண்டை எடுத்தார். சோப்பிலும் டீத்தூளிலும் பாதி. மீதியில் கை வைக்க இடமில்லை. இரண்டு தடவை கூட்டினார். பதினைந்து ரூபாய் பத்துக் காசு. மூன்றாவது தடவையும் அதுவே வந்தது.

ஐயா, ஒருவருக்கு என்றால் பாதியாகும் என்று நானும் எண்ணினேன். ஆகவில்லை. இருவருக்கு டீ போட்டாலும் ஒருவருக்குப் போட்டாலும் தீக்குச்சி ஒன்றுதான். ஸ்டவ் ஒன்றுதான், சூடாகிற வரை எரிகிற எண்ணெய் ஒன்றுதான். விளக்கு இருவருக்கு எரிகிற அதே வெளிச்சத்துக்கு ஒருவருக்கும் எரிகிறது. ஆகவே இருவராக இருந்தால் தலைக்கு ஒன்பது ரூபாய் இருபது காசு கூடுகிறது. தனியாக இருப்பவனுக்குப் பதினைந்து ரூபாய் பத்துக் காசு. இதைத் தாங்கள் சபையில் சொல்லலாம். இது உண்மை. விலைகள் அனைத்தும் மூன்று கடைகளில் விசாரித்தவை.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வருவதாக இருந்தால் டீ போட்டுத் தருகிறேன். வீட்டில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள. கையெழுத்தைப் போட்டார். நகலில் எண் 42 என்று குறித்துக் கோத்தார். முகவரியை எழுதி, சட்டமன்ற உறுப்பினர் விடுதி என்பதன் அடியில் கோடு இழுத்தார். உறையின் மடிப்பில் பசை காய்ந்து பொரிந்திருந்தது. நாக்கால் தடவிப் பார்த்தார், ஒட்டவில்லை. பாடி வீட்டில் உறை ஒட்டுவது அவர் வேலையாக இருந்ததில்லை. எழுதி முடித்து நீட்டுவார். செலின் சமையல்கட்டுக்கு வாங்கிப் போய் ஒட்டிக் கொண்டுவருவாள். எதை வைத்து ஒட்டினாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஸ்டவ்வில் காலைத் தூள் அப்படியே இருந்தது. அதில் இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பற்ற வைத்தார். நிறம் இறங்கியது, முன்னதை விட வெளுப்பாக. ஒரு கரண்டி சர்க்கரை போட்டார். இரண்டாவது கரண்டியும் போட்டார், அவளுக்கு அப்படித்தான். ஆற விட்டு, பிசுபிசுப்பான அதில் விரலைத் தோய்த்து, மடிப்பின் ஓரம் நெடுக இழுத்து அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. காகிதத்தில் பழுப்பாக ஒரு கோடு ஊறி நின்றது. மிச்சத்தைக் குடித்தார். தித்திப்பு தொண்டையைக் கடந்தும் இருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வரலட்சுமி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு அடித்த சுவர் அவளுக்குப் பின்னால் கண் கூசியது. அவர் கையில் இருந்த உறையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அப்பாடி, ஒருவயியா எய்திட்டீங்களா! அக்காவுக்குத்தான?"

ஜோசப்ராஜ் நின்றார். "அவளப் பத்திதான்மா," என்றார்.

அவள் சிரிப்பு இருந்த இடத்திலேயே கொஞ்சம் நின்றது. குடத்திலிருந்து தண்ணீர் தளும்பி அவள் புடவையில் வழிந்தது, துடைக்கவில்லை. "இன்னா அண்ணே?" என்றாள்.

"இதப் போட்டுட்டு வந்து சொல்றேன். நீங்க வீட்லயே இருங்க."

ஸ்டேஷனுக்கு நடந்தார். படிப்பகம் பூட்டியிருந்தது. வடிவு கடையில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கிளாஸ் கழுவினாள். முதல் பிளாட்பாரத்தின் முனையில், வேப்பமரத்துக்குக் கீழே, சிவப்புப் பெட்டி. எடுக்கும் நேரம் ஒன்பதரை என்று தகட்டில் எழுதியிருந்தது. ஸ்டேஷன் கடிகாரத்தில் எட்டு ஐம்பது. அரக்கோணத்திலிருந்து வந்த ரயில் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, கிளம்பியது. பிளாட்பாரம் காலியாகும் வரை காத்திருந்தார்.

உறையைத் திருப்பி ஒருமுறை பார்த்தார். பழுப்புக் கோடு இன்னும் ஈரமாக இருந்தது. கட்டைவிரலால் இன்னொரு முறை அழுத்தினார். பிறகு மணிக்கட்டு வரை கையைப் பெட்டியின் வாய்க்குள் விட்டு, விரல்களைப் பிரித்தார். உள்ளே வேறு கடிதம் எதுவும் இன்னும் விழவில்லை போலிருக்கிறது. வெறும் தகரத்தில் அது போய் விழுகிற சத்தம் தனியாகக் கேட்டது.